கணையக் கட்டிக்கு இத்தனை உறுப்புகளை ஏன் எடுக்கிறார்கள்?

ஜூன் 2, இரவு 9.10 – பட்டர்வொர்த்காரன்

அப்பாவுக்கு 63 வயது. கண் மஞ்சளாகி, சிறுநீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்துக்குப் போய், ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் தலைப்பகுதியில் 2.8 செமீ கட்டி. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பாதி, இரைப்பையில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். 3 செமீகூட இல்லாத கட்டிக்கு ஐந்து உறுப்பா? எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்கிறார் சித்தப்பா. கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?

ஜூன் 2, இரவு 10.35 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

பரவியிருந்தால் இந்த ஆப்ரேஷனையே செய்ய மாட்டார்கள், தம்பி. கல்லீரலிலோ வயிற்றின் உள்ளுறையிலோ புற்று தென்பட்டால் கீமோவுக்குத்தான் அனுப்புவார்கள். பரவவில்லை என்பதால்தான் இவ்வளவு பெரிய வேலையில் இறங்குகிறார்கள். கணையப் புற்று கண்டுபிடிக்கப்படும்போது 100 பேரில் 15, 20 பேருக்குத்தான் இந்த வாய்ப்பு இருக்கும்.

ஐந்து உறுப்பிலும் புற்று இருப்பதால் எடுப்பதில்லை. அவை பிரிக்க முடியாமல் பின்னியிருப்பதால் எடுக்கிறார்கள். ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் எப்படியோ அப்படி முன்சிறுகுடல் கணையத் தலையை மூன்று பக்கமும் சுற்றியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் தமனி வளைவுகள் இரண்டுக்குமே பொது. கணையத் தலையை மட்டும் எடுத்தால் முன்சிறுகுடலுக்கு ரத்தம் நிற்கும், அது கறுத்து ஓட்டை விழும். கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாய் கணையத் தலையின் சதைக்குள் புகுந்துதான் குடலில் திறக்கிறது. அப்பாவின் கண் மஞ்சளானதும் அதனால்தான், கட்டி அந்தக் குழாயை நெரிக்கிறது. அந்தக் குழாயைப் பித்தப்பை சேரும் இடத்துக்கு மேலேயே வெட்ட வேண்டியிருப்பதால் பித்தப்பையும் கூடவே போகிறது. இரைப்பையின் கீழ் நுனியும், நடுச்சிறுகுடலில் 10, 15 செமீயும் அதே கணக்கில் சேரும்.

இதற்கு விப்பிள் என்று பெயர். 1935ல் ஆலன் விப்பிள் இதை இரண்டு கட்டமாகச் செய்து வெளியிட்டார். அதற்கு முன்பே 1909ல் பெர்லினில் வால்டர் கௌஷ் செய்திருக்கிறார்.

ஜூன் 2, இரவு 11.20 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

கட்டியை மட்டும் தோண்டி எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் அது சிறிய, மெதுவாக வளரும் நாளமில்லாச் சுரப்பி வகைக் கட்டிகளுக்கு, அதுவும் கணையத்தின் நடுநாளத்திலிருந்து (கணைய நீர் ஓடும் குழாய்) தள்ளியிருந்தால்தான். நாளச் செல்களில் பிறக்கும் சாதாரணக் கணையப் புற்றுக்கு அது ஆகாது. அது நரம்புகளையும் நிணநீர் வழிகளையும் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். கையில் தட்டுப்படும் கட்டியின் விளிம்பு அதன் உண்மையான விளிம்பு இல்லை.

ஜூன் 3, காலை 7.05 – பட்டர்வொர்த்காரன்

நன்றி அக்கா. இன்னும் இரண்டு கேள்வி. பயாப்ஸி (ஊசியால் கட்டியின் சதையை எடுத்துப் பார்ப்பது) எடுக்காமலே அறுக்கலாம் என்கிறார்கள், சரியா? பாட்டி தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார், கொடுக்கலாமா?

ஜூன் 3, மதியம் 1.15 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

சிடி ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்து, எடுக்கக்கூடிய நிலையிலும் இருந்தால் பயாப்ஸி கட்டாயமில்லை. ஊசியில் புற்று வரவில்லை என்பதற்காகப் புற்று இல்லை என்று ஆகிவிடாது, ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். ஆப்ரேஷனுக்கு முன்பே கீமோ என்று முடிவானால்தான் பயாப்ஸி கட்டாயம். ஒரு விதிவிலக்கு: உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி வீங்கவைக்கும் ஒரு நோய் பார்ப்பதற்குப் புற்று மாதிரியே இருக்கும், ஸ்டீராய்டு மருந்திலேயே வடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். பார்த்தீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

ரத்தத்தில் பார்க்கும் புற்றுக் குறியீடான சிஏ 19-9 எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 37 வரை இயல்பு என்பது சரி, ஆனால் காமாலை இருக்கும்போது புற்று இல்லாதவருக்குக்கூட அது ஏறும். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு, ரத்த வகை காரணமாக, புற்று இருந்தும் ஏறவே ஏறாது.

கீழாநெல்லியை இன்றே நிறுத்துங்கள். பாட்டியிடம் கோபப்படாமல், இது வேறு காமாலை என்று சொல்லுங்கள். இங்கே குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்த இலைச் சாறும் அதைத் திறக்காது. சாறு குடித்துப் பார்ப்போம் என்று போகும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத்தான் லாபம். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அது அடைப்புக் காமாலை. பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உடலில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும். ஆப்ரேஷனுக்கு முன் அந்த ஊசி போடுவார்கள்.

ஜூன் 3, இரவு 8.50 – பட்டர்வொர்த்காரன்

பித்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்து மஞ்சளை இறக்கிவிட்டு அறுப்பது நல்லதா, நேராக அறுப்பதா? ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் 180.

ஜூன் 3, இரவு 10.10 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

180 மைக்ரோமோல் என்றால், சீக்கிரம் தேதி கிடைக்குமானால், நேராகப் போவதே மேல். 2010ல் வந்த டச்சு ஆய்வு இதைத்தான் பார்த்தது. பிலிருபின் 40 முதல் 250 வரை இருந்தவர்களில் முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கடுமையான சிக்கல்கள் 74 விழுக்காடு, நேராக அறுத்தவர்களுக்கு 39 விழுக்காடு. ஸ்டென்ட் வழியாகக் கிருமி ஏறும், கணையம் அழலும்.

குளிர்காய்ச்சல் வந்தால், பிலிருபின் 250ஐத் தாண்டினால், கீமோ முதலில் என்று முடிவானால், தேதி பல வாரம் தள்ளிப்போனால் ஸ்டென்ட் வேண்டும். அப்போது பிளாஸ்டிக்கைவிட உலோக ஸ்டென்ட் நீண்ட நாள் அடைக்காமல் இருக்கும். ஸ்டென்ட் வைப்பதற்கு முன் கணையத்துக்கான சிடி ஸ்கேனை முடித்துவிட வேண்டும். வைத்த பிறகு எடுத்தால் ஸ்டென்டின் நிழலும் அதைச் சுற்றிய வீக்கமும் சேர்ந்து கட்டியின் எல்லையை மறைத்துவிடும்.

ஜூன் 4, மாலை 6.30 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

இரண்டாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். இரைப்பையின் நுனி கட்டாயம் போகும் என்பதுபோல் எழுதிவிட்டேன். அது பழைய முறை. கட்டி எட்டாத இடத்தில் இருந்தால் இரைப்பையையும் அதன் கீழ்வாய்த் தசையையும் அப்படியே விட்டுவிட்டு முன்சிறுகுடலில் 2 செமீ தள்ளி வெட்டுவார்கள். 1978லிருந்து இது பரவலானது. ஆயுளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எது என்பதை உள்ளே பார்த்துத்தான் சர்ஜன் முடிவெடுப்பார், ஒப்புதல் படிவத்தில் இரண்டும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

அந்தப் படிவத்தில் இன்னொரு வரியும் இருக்கும். வயிற்றைத் திறந்து, முதலில் கல்லீரலையும் உள்ளுறையையும் தடவிப் பார்ப்பார்கள், சில இடங்களில் கேமராவை மட்டும் விட்டுப் பார்ப்பார்கள். ஸ்கேனில் தெரியாத அரிசிமணி அளவுப் புள்ளிகள் இருந்து, உறைநிலைப் பரிசோதனையில் (அறுவை நடக்கும்போதே சதைத்துணுக்கை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) புற்று என்று வந்தால் உறுப்பு எதையும் எடுக்காமல் நிறுத்துவார்கள். 6 மணி நேரம் என்று சொல்லிப் போனவர்கள் 2 மணி நேரத்தில் வெளியே வந்தால் அதன் பொருள் இதுதான். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இதை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் கேட்டால் தாங்க மாட்டார்.

ஜூன் 5, இரவு 9.40 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆபத்து சேர்ப்பதில் இருக்கிறது.

எடுத்த பிறகு மூன்று இணைப்பு: மீதிக் கணையத்தைக் குடலோடு, பித்தக் குழாயைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு. பின் இரண்டும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். முதலாவதுதான் எல்லாருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். கணைய நாளம் இயல்பாக 2, 3 மிமீ அகலம். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தலைமுடியைப் போன்ற நூலால் அந்த வாயைக் குடலின் உட்தோலோடு தைக்க வேண்டும். கணையம் மெத்தென்று இருந்தால் நூல் இழுக்கும்போதே சதையை அறுத்துக்கொண்டு வரும், வெண்ணெயில் தையல் போடுவதுபோல. கட்டி நாளத்தை நாட்பட அடைத்து வைத்திருந்தால் கணையம் இறுகி, நாளமும் பருத்திருக்கும், தையல் நிற்கும். அதனால் சின்னக் கட்டி, மெத்தென்ற கணையம், 3 மிமீக்குள் நாளம் என்றால்தான் கசிவு அதிகம். நோயாளி ஆரோக்கியமாக இருக்கிறாரே என்பது இங்கே ஆறுதல் இல்லை.

கசிவது வெறும் நீரும் அல்ல. கணைய நீர் இறைச்சியைச் செரிக்கும் நீர், பக்கத்தில் கட்டிவிட்டிருக்கும் தமனியின் முனையையும் அரிக்கும். வயிற்றோரம் உள்ளே கசிவதை வெளியே வடிக்கும் ஒரு ட்ரெயின் குழாய் தொங்கும், அதைத் தினமும் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஆரம்பித்து வெளிர்மஞ்சளாகத் தெளிந்துகொண்டே வந்தால் நல்லது. கழுநீர் மாதிரி சாம்பல் நிறத்தில் கலங்கினால் கணையக் கசிவைச் சந்தேகிக்க வேண்டும், பச்சை என்றால் பித்தம். மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ ட்ரெயின் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதி, ரத்தத்தின் இயல்பு உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு. காய்ச்சல் இல்லாமல், எண் மட்டும் அதிகமாக இருந்தால் குழாயைக் கூடுதல் நாள் விட்டு வைப்பார்கள், பெரும்பாலும் தானே அடைபடும்.

ஒரு வாரம் கழித்து, எல்லாம் நன்றாகப் போகும்போது, அந்தக் குழாயில் ஒரு ஸ்பூன் புது ரத்தம் வந்தால், நின்றுவிட்டது என்றாலும், உடனே தாதியைக் கூப்பிடுங்கள். பெரும் ரத்தப்போக்குக்கு முன் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். அந்த நேரத்தில் ரத்தக்குழாய் சிடி எடுத்து, தொடை அல்லது கை வழியாகக் கம்பி விட்டு அடைக்க முடியும். துணியைத் துடைத்துவிட்டு விடியட்டும் என்று இருந்தால் நேரம் போய்விடும்.

ஜூன் 6, காலை 11.00 – செந்தூல் மகள்

எங்கள் அம்மாவுக்கு வால் பகுதியில் கட்டி. மண்ணீரலையும் எடுப்பார்களாம். பெருங்குடலில் ஒட்டியிருந்தால் அதிலும் ஒரு துண்டாம். இடப்பக்கச் சிறுநீரகம் வரை பேச்சு வந்தது.

ஜூன் 6, மதியம் 2.45 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

காரணம் அதேதான். மண்ணீரலுக்குப் போகும் தமனியும் அதிலிருந்து வரும் சிரையும் கணையத்தின் முதுகில் ஒட்டியே ஓடுகின்றன. தீங்கற்ற கட்டி என்றால் அவற்றைப் பிரித்து மண்ணீரலைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். புற்று என்றால் அந்த ரத்த நாளங்களைச் சுற்றிய நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும், மண்ணீரலும் போகும்.

பெருங்குடல், இடது அட்ரினல் சுரப்பி, சிறுநீரகம், இரைப்பையின் பின்சுவர் ஆகியவை கட்டியோடு ஒட்டியிருந்தால் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒட்டியிருப்பது புற்றா, வெறும் அழற்சியா என்று கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது. பிரித்தால் புற்றுச் செல் வயிற்றில் சிந்தும். அதனால் ஒட்டியதோடு சேர்த்து ஒரே பொதியாக எடுப்பார்கள். பிறகு நுண்ணோக்கியில், அந்த உறுப்பில் புற்றே இல்லை, வெறும் ஒட்டல் என்றும் வரும். அது வீண் வேலையில்லை.

ஆனால் ஒவ்வொரு கூடுதல் உறுப்புக்கும் சிக்கல் கூடும். பெருங்குடல் சேர்ந்தால் இன்னொரு இணைப்பு, இன்னொரு கசிவு அபாயம். நிறைய எடுத்தால் நிறைய குணம் என்று கணக்குப் போட வேண்டாம். நிணநீர் முடிச்சுகளை வழக்கத்தைவிட அகலமாக அள்ளிப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை, வயிற்றுப்போக்குதான் கூடியது. எடுத்த விளிம்பில் புற்று இல்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

சிரையைப் பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி மறுபடி சேர்க்கலாம். குடலுக்கு ரத்தம் கொடுக்கும் பெரிய தமனியைப் பாதிச் சுற்றுக்கு மேல் கட்டி தழுவியிருந்தால் உடனே அறுக்க மாட்டார்கள். கீமோ கொடுத்துச் சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். சித்தப்பா மாதிரி ஆட்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். இல்லை.

ஜூன் 6, இரவு 9.15 – மருந்தாளர், பினாங்கு

செந்தூல் மகளுக்கு: மண்ணீரல் போகப்போகிறது என்றால் தடுப்பூசி இப்போதே. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகிய மூன்று கிருமிகளுக்கும். குறைந்தது 2 வாரம் முன்னால் போட வேண்டும். முடியாவிட்டால் ஆப்ரேஷன் முடிந்து 2 வாரம் கழித்து. மெனிஞ்சோகாக்கஸ் ஊசி உம்ராவுக்குப் போகிறவர்கள் போடுவதுதான், பல தனியார் கிளினிக்குகளில் கிடைக்கும். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும்.

மண்ணீரல் இல்லாதவருக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் பனடோல் (காய்ச்சல் மாத்திரை) போட்டுப் படுக்கக் கூடாது. காலையில் லேசான குளிர், இரவுக்குள் ஐசியூ என்று போகக்கூடிய கிருமித்தொற்று அது. நேராக அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக ‘மண்ணீரல் இல்லை’ என்று சொல்லுங்கள். மலாயில் ‘லிம்பா சூடா புவாங்’. நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கி என்று ரத்தம் எடுத்துக் காத்திருக்க வைப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். நாய் கடித்தால், கீறினால்கூட, அன்றே டாக்டர். காட்டுப் பக்கம் போனால் மலேரியாவிலும் கவனம்.

ஜூன் 7, காலை 8.20 – மருந்தாளர், பினாங்கு

கணைய அறுவைக்குப் பிறகு உணவைச் செரிக்க உதவும் கணைய நொதி மாத்திரை பற்றி யாரும் எழுதவில்லை. வீட்டுக்குப் போனபின் எடை இறங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதைத் தப்பாகச் சாப்பிடுவது.

கிரியோன் என்ற நொதி மாத்திரை, 25,000 யூனிட் என்றால் வழக்கமான தொடக்கம் சாப்பாட்டுக்கு 2, சிற்றுணவுக்கு 1. முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் விழுங்கினால் அது தனியாகப் போய்விடும், உணவு தனியாக வரும். சாப்பிட்டு முடித்து நேரம் கழித்து விழுங்குவதும் அதே வீண். மென்று விழுங்கக் கூடாது. கேப்சூலைத் திறந்து சூடான கஞ்சியில் கொட்டக் கூடாது, நொதி செத்துவிடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தாலும் அதே கதைதான், 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

தே ஓ கோசோங்குக்கு (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) மாத்திரை வேண்டாம். தே தாரிக்குக்கு ஒன்று வேண்டும், பாலில் கொழுப்பு இருக்கிறது. நாசி லெமாக், ரொட்டி சானாய் மாதிரி கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கு 2 போதாமல் 3 ஆகலாம். மலம் வெளிறி, எண்ணெய்ப் படலத்தோடு மிதந்து, ஃபிளஷ் பண்ணியும் போகாமல் நின்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்லிக் கூட்டுங்கள். உச்சவரம்பு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10,000 யூனிட். அளவைக் கூட்டியும் சரியாகாவிட்டால் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ந்தால் நொதி நன்றாக வேலை செய்யும்.

சைவக் குடும்பங்களுக்கு ஒன்று: இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது, உறையும் ஜெலட்டின். மறைத்துக் கொடுக்காதீர்கள், பிறகு தெரிந்தால் மாத்திரையையே தூக்கிப் போடுவார்கள். இதற்குச் சமமான தாவர மருந்து இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஜூன் 7, மாலை 5.00 – செந்தூல் மகள்

முழுக் கணையத்தையும் எடுத்தால் அந்தக் கசிவுப் பிரச்சினையே வராதே? ஏன் எல்லாருக்கும் அப்படிச் செய்வதில்லை?

ஜூன் 7, இரவு 10.25 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

நல்ல கேள்வி. கசிவு வராது, உண்மை. ஆனால் மறுநாளிலிருந்து ஆயுள் முழுக்க இன்சுலின். அது சாதாரண நீரிழிவும் அல்ல. சர்க்கரையை இறக்கும் இன்சுலினோடு, ஏற்றும் குளுக்ககானும் போய்விடுகிறது. அதனால் சர்க்கரை தாழ்ந்தால் உடல் தானாகத் தூக்கிவிடாது. காலை 14 மில்லிமோல், மதியம் 3 என்று ஊசலாடும். 3.9க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். சாப்பிட முடியவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது, விரதத்துக்காகவும் கூடாது. அளவைக் குறைப்பது டாக்டரைக் கேட்டு.

அதனால் கட்டி கணையம் முழுக்க இருந்தாலோ, வெட்டிய விளிம்பில் திரும்பத் திரும்பப் புற்று வந்தாலோதான் முழுசாக எடுப்பார்கள். நுண்ணோக்கிக்காரர் உறைநிலையில் பார்த்துச் சொல்லும் வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஜூன் 8, காலை 7.40 – பட்டர்வொர்த்காரன்

எங்கே செய்வது? பக்கத்துத் தனியார் மருத்துவமனையிலா, செலாயாங் அரசு மருத்துவமனைக்குப் போவதா?

ஜூன் 8, மதியம் 1.30 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். ‘இந்தப் பிரிவில் ஆண்டுக்கு எத்தனை கணைய ஆப்ரேஷன்?’ 2002ல் வந்த அமெரிக்க ஆய்வில் ஆண்டுக்கு 16க்கு மேல் செய்த இடங்களில் இறப்பு 3.8 விழுக்காடு, சராசரியாக ஆண்டுக்கு ஒன்றுகூட எட்டாத இடங்களில் 16.3. இது சர்ஜனின் கையைப் பற்றியது மட்டுமல்ல. இரவு 2 மணிக்கு ரத்தம் கசிந்தால் கம்பி விட்டு அடைக்கும் கதிரியல் டாக்டர் இருக்கிறாரா, ஐசியூ படுக்கை இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அதையும் கேளுங்கள்.

செலாயாங் அரசு மருத்துவமனையின் கல்லீரல்-பித்தப் பிரிவு நாட்டின் முக்கியப் பரிந்துரை மையம். அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவுதான், பரிந்துரைக் கடிதம் வேண்டும். சிடி ஸ்கேனை டிஸ்க்கில் எடுத்துப் போங்கள், காகித அறிக்கை மட்டும் போதாது.

காத்திருக்கும் நாட்களில் சிகரெட் வேண்டாம். தினமும் அரைமணி நடை. மூன்று உருண்டை இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூச்சு இழுத்துப் பழகட்டும், ஆப்ரேஷனுக்கு மறுநாள் வலியில் கற்றுக்கொள்ள முடியாது.

ஜூலை 19, இரவு 8.05 – பட்டர்வொர்த்காரன்

அறுவை முடிந்து 3 வாரம். 16 நாள் வார்டில். இரைப்பை வேலை செய்ய 9 நாள் ஆனது, மூக்குக் குழாயோடு இருந்தார். இப்போது கஞ்சி, இட்லி. நுண்ணோக்கி அறிக்கையில் ‘17ல் 2’, ‘ஆர்0’ என்று இருக்கிறது. வயிற்றில் போடும் ஊசியை வீட்டிலும் போடச் சொன்னார்கள்.

ஜூலை 19, இரவு 9.30 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

ஆர்0 என்றால் விளிம்பில் புற்று இல்லை. 17 நிணநீர் முடிச்சுகளைப் பார்த்து 2ல் புற்று. 17 பார்த்திருக்கிறார்கள் என்பதே கவனமான வேலை. முடிச்சில் இருப்பதால் கீமோ கட்டாயம் தேவை, முடிச்சில் இல்லாவிட்டாலும் கொடுப்பார்கள். உடம்பு தாங்குமானால் பல மருந்து சேர்ந்த கீமோவான மாற்றியமைத்த ஃபோல்ஃபிரினாக்ஸ், 6 மாதம். 2018ல் வந்த ஆய்வில் அதைப் பெற்றவர்களின் நடு ஆயுட்காலம் 54.4 மாதம், ஜெம்சிட்டபின் என்ற ஒரே கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு 35. தாங்காதவர்களுக்கு வேறு சேர்க்கைகள் உண்டு.

இரைப்பை தாமதம் இந்த அறுவையில் வழக்கம், அதற்காகக் கவலை வேண்டாம். ஊசி ரத்தம் உறையாமல் இருக்க, மொத்தம் 28 நாள், விடாமல் போடுங்கள். இனிமேல் எப்போது குளிரோடு காய்ச்சல் வந்தாலும் பித்த இணைப்பில் தொற்று என்று நினைத்து அன்றே போங்கள்.

கீமோ, அறுவைக்குப் பின் 12 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். 3 போய்விட்டது. புற்றுநோய்ப் பிரிவிலிருந்து தேதி வந்துவிட்டதா?

ஜூலை 19, இரவு 9.42 – பட்டர்வொர்த்காரன்

இல்லை அக்கா, கடிதம் வரும் என்றார்கள்.

ஜூலை 19, இரவு 9.50 – அறுவைக்கூடம், கோலாலம்பூர்

காத்திருக்காதீர்கள். நாளைக் காலை 8 மணிக்குக் கிளினிக்குக்குப் போன் போட்டு, அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் அறுவை நடந்த தேதியையும் சொல்லித் தேதி கேளுங்கள். எடையையும் குறித்து வையுங்கள், கீமோவின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.